கை சுவிட்ச்

விடிவதற்குள் எல்லா வண்டிகளையும் கழுவி நிறுத்திவிட வேண்டும். அதுதான் என் வேலை. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், இரண்டு தடவை இருமும், அப்புறம் எலும்பைக் குத்துகிற குளிரோடு தண்ணீர் கொட்டும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் சோப்பு இறங்கினால் உயிர் போய் உயிர் வரும். முதல் வண்டியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுவேன். அடுத்தடுத்த வண்டிகளுக்கு வருவதற்குள் கை மரத்துப்போகும். மரத்துப்போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வண்டி கழுவுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வாடகைக் கார் கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். முதலாளியுடையது. இரவெல்லாம் ஊரைச் சுற்றிவிட்டு வருகிற வண்டிகளின் பின்சீட்டில் என்னென்ன கிடக்கும் என்று சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் அப்புறம் எந்த டாக்ஸியிலும் ஏற மாட்டீர்கள். அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடி துடைத்து, கடைசியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்து ஊற்றுவேன். கூலன்ட் என்று பச்சையாக ஒரு திரவம் உண்டு. என்ஜின் சூட்டைத் தாங்குவதும், உள்ளே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். எங்கள் சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் அதில் ஒரு டின் இருக்கிறது, அழகுக்கு. வண்டிகளுக்கு நான் ஊற்றுவது குழாய்த் தண்ணீர். அது உள்ளே போய்ச் சுற்றிவிட்டுத் தேநீர் நிறத்தில் திரும்பி வரும்.

எங்கள் இடம் இரண்டு பகுதியாக இருக்கும். வாசல் பக்கம் வண்டிகள் நிற்கிற திறந்த வெளி, அது டிரைவர்களுக்கு. உள்ளே தகரக் கூரை போட்ட ஷெட், அது மெக்கானிக்குகளுக்கு. நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. டிரைவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே விட்டால் பேச்சுக் கொடுத்தே வேலையைக் கெடுப்பார்களாம், முதலாளி சொல்வார். வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் டிரைவர் கண்ணாடி அறையின் ஜன்னலில் போய்ச் சொல்ல வேண்டும். "சிக்னல்ல நின்னா சூடு முள்ளு ஏறுது சார், ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது" என்று அவன் சொல்வான். சூப்பர்வைசர் ஷெட் பக்கம் திரும்பி, "வண்டி ஹீட் ஆவுதாம்" என்று கத்துவார். வலிக்கிற இடத்தை நோயாளி சொல்ல, டாக்டர் காதுக்கு 'உடம்பு சரியில்லை' என்பது மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன வைத்தியம் நடக்குமோ, அதுதான் எங்கள் ஷெட்டில் நடக்கும். இரண்டாவது தடவை அதே வண்டியைப் பற்றிச் சொன்னால், "நீ எப்படி ஓட்டுற?" என்று ஜன்னல் திருப்பிக் கேட்கும். அதனால் டிரைவர்கள் சொல்வதையே விட்டுவிட்டார்கள். ஷெட்காரன் சோம்பேறி என்பான் டிரைவர். டிரைவர் வண்டியை அடித்து ஓட்டுகிறான் என்பான் ஷெட்காரன். இரண்டு பக்கமும் போய்வருகிற ஒரே ஆள் நான். துடைப்பத்துக்குக் கோடு கிடையாது.

என் தம்பியும் இங்கேதான் டிரைவர். அன்றைக்கு அவனுடைய வண்டி பிரேக் வேலைக்கு உள்ளே போயிருந்தது. நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். அதனால் நெட்டையின் வண்டியைத் தம்பிக்குக் கொடுத்தார்கள்.

"அக்கா, இவரு காலுக்கு சீட்ட எங்க கொண்டு போய் வச்சிருக்காரு பாரு. பின்சீட்டுல உக்காந்து ஓட்டுவாரு போல" என்றான். சீட்டை முன்னால் இழுத்து இழுத்துச் சிரித்தான். நான் ஈரக் கையை அவன் சட்டையில் துடைத்தேன். திட்டிக்கொண்டே கிளம்பிப் போனான்.

பிறகு நடந்ததை அவன் வாயாலேயே கேட்டேன். மேம்பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நின்றிருக்கின்றன. விமானத்துக்குப் போக வேண்டிய ஆள் பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. தம்பி சுவிட்சைப் பார்த்திருக்கிறான், அது மேலேதான் இருந்திருக்கிறது.

அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரை ஒட்டி ஒரு ஃபேன் இருக்கும். ஓடும்போது எதிர்க்காற்றே தண்ணீரைக் குளிர வைத்துவிடும். வண்டி நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. தண்ணீர் சூடானதும் சென்சார் என்கிற சின்னப் பொருள் அதைக் கண்டுபிடித்து ஃபேனைத் தானாக ஓட வைக்கும். சென்சார் கெட்டால் புதுசு போட வேண்டும். எங்கள் முதலாளி போட மாட்டார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கை சுவிட்சை மாட்டச் சொல்லிவிடுவார். மேலே தள்ளினால் ஃபேன் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும். பாதி வண்டிகளுக்கு மேல் அப்படித்தான் ஓடுகின்றன. தம்பி வழக்கமாக ஓட்டுகிற வண்டியிலும் அதுதான்.

சுவிட்ச் மேலே இருக்கிறது, ஆனாலும் முள் இறங்கவில்லை. சுற்றிலும் ஹாரன் சத்தம், ஃபேன் ஓடுகிறதா என்று காதுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசருக்கு போன் போட்டிருக்கிறான். "தண்ணிய ஊத்திட்டு வந்து சேரு. இழுத்துட்டு வர வண்டி அனுப்பினா செலவு உன் தலையில" என்று பதில் வந்திருக்கிறது. ஈரத் துணியை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத்தான் திருகியிருக்கிறான். மூடி கையை விட்டுப் பறந்தது. கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் அவன் கழுத்திலும் தோளிலும் முகத்தின் வலது பக்கத்திலும் அடித்தன.

வண்டியை மதியம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். தம்பி மயக்க மருந்தில் கிடந்தான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி இருந்தாள். அங்கே நிற்க என்னால் முடியவில்லை. என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், எவன் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குள் போனேன்.

ஷெட்டின் மூத்த மெக்கானிக்கான மேஸ்திரி வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார். ஒயர் வேலை பார்க்கிற எலெக்ட்ரீசியன் பக்கத்தில், கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லைட்டோடு நின்றார். அவரை ஒயர் அண்ணன் என்று கூப்பிடுவோம், மெலிந்த ஆள், அதிகம் பேச மாட்டார். ஆறிப்போன ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி என்ஜினை ஓடவிட்டார்கள். மேஸ்திரி ரப்பர் குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேல் குழாய் சுட்டது. கொஞ்சம் பொறுத்துக் கீழ்க் குழாயும் சூடானது.

"தண்ணி சுத்துது. பம்ப்பு நல்லாருக்கு, வால்வும் திறக்குது" என்றார் மேஸ்திரி. "ஒழுகலும் இல்ல."

முள் ஏறிக்கொண்டே போனது. ஃபேன் அசையவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் இறக்கையை விரலால் தள்ளினார், அது லேசாகச் சுற்றியது. ஒயர் அண்ணன் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்து மோட்டாரில் வைத்தார். ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது.

"மோட்டார்ல கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார், அதிலும் வித்தியாசம் இல்லை. பிறகு காருக்குள் தலையை விட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே பார்த்தார். தம்பி விட்டுவிட்டுப் போனபடியே சுவிட்ச் மேலே இருந்தது.

"மேலதானே இருக்கு?" என்றேன்.

அவர் கையை நீட்டினார். சுவிட்சைக் கீழே தள்ளினார். ஃபேன் ஓடியது. மேலே தள்ளினார், நின்றது. மறுபடியும் கீழே, மறுபடியும் மேலே. நாலு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு வண்டிக்கு வெளியே வந்து, தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் மாட்டின சுவிட்ச்" என்றார். "தலைகீழா மாட்டிட்டேன்."

மேஸ்திரி கையைத் துடைத்த துணியிலேயே மறுபடி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையில் இருந்த துடைப்பத்தால் அந்த ஆளை அங்கேயே வெளுக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு வெறி வந்தது. கண்ணாடி அறை ஜன்னலில் சூப்பர்வைசரின் முகம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

"உக்காரும்மா" என்றார் முதலாளி. அந்த அறையைத் துடைக்க வருஷக் கணக்காக வருகிறேன், உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. துணி ஈரமாக இருந்தது. நாற்காலி நனையும் என்று நின்றேன்.

"விஷயம் கேட்டதுல இருந்து எனக்கு ஒரு வாய் இறங்கல" என்றார். மேஜையில் பிஸ்கட் தூள் கிடந்தது. "டாக்டர் என்ன சொல்றார்?"

"வலது கண்ணு சந்தேகம்ங்கிறாரு. கண்ணுக்குன்னே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போகணுமாம். இங்க அதுக்கு வசதி இல்லையாம்."

"கொண்டு போயிடலாம். முழுச் செலவும் கம்பெனி பாத்துக்கும். குணமாகி வர்ற வரைக்கும் வேலையும் அவனுக்காகக் காத்திருக்கும். போதுமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், நல்லவேளையாக அவர் மேலே பேசினார்.

"ஆனா தப்பு யாரோடதுன்னு இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க. போலீஸும் கேக்கும். ஒரு ஆளக் காட்டணும்ல? சூடா இருக்கிற மூடியத் திறந்தது உன் தம்பி. அவன் தப்புன்னு ஆயிட்டா நான் நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. இல்லைன்னா, சுவிட்ச தலைகீழா மாட்டினவன் தப்பு. நீ உன் கண்ணால பாத்திருக்க. அவன் வாயால சொன்னதையும் கேட்டிருக்க. நீ கூடப் பொறந்தவ, நீ சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

"சுவிட்ச் மாட்டச் சொன்னது யாருங்க?"

சிரித்தார். கோபமே வரவில்லை அந்த மனுஷனுக்கு. "மாட்டச் சொன்னேன். தலைகீழா மாட்டச் சொன்னேனா?"

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"நாளைக்குக் காலையில வந்து சொல்லு. தம்பியோட கண்ணு விஷயம். வேற எதையும் யோசிக்காத" என்றார்.

ஆஸ்பத்திரி படிக்கட்டில் ஒயர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் மதியத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கட்டையில போறவனே என்றுகூடச் சொன்னேன். போகிற வருகிற ஜனங்கள் நின்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிடும்மா. நான் மறுக்க மாட்டேன்" என்றார். "சென்சார் வேணும் சென்சார் வேணும்னு நானும் கேட்டு அலுத்துட்டேன். பழைய கடையில இருந்து ஒரு பை நிறைய சுவிட்ச் வாங்கிட்டு வந்து கொட்டினாரு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. மேல எது கீழ எதுன்னு எதுலயும் குறி இல்ல. மாட்டிட்டு ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கணும். அன்னைக்கு அஞ்சாறு வண்டி வாசல்ல நின்னுச்சு, சூப்பர்வைசர் விரட்டிக்கிட்டே இருந்தாரு. தட்டிப் பாக்கல. அது என் தப்புதான்."

நான் காது கொடுக்காமல் மேலே ஏறிப் போனேன்.

தம்பி விழித்திருந்தான். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. வாயை அதிகம் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் பேசினான். நான் முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

"சொல்லிடுங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி உடனே. அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தவள் விசிறுவதை நிறுத்தவில்லை. "நாம என்ன பொய்யா சொல்றோம்? மாட்டினது அவருதானே? இவருக்குக் கண்ணு போயிட்டா யாரு ஓட்ட விடுவாங்க? நாங்க எங்க போய் நிக்கிறது?"

அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நானும் அதே முடிவோடுதான் வந்திருந்தேன். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர அனுப்பிட்டா ஃபேன் ஓடுமாக்கா?" என்றான்.

"என்னடா பேசற?"

"நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவனுக்கும் சுவிட்ச்தான் குடுப்பாங்க. அவனும் அவசரத்துல மாட்டுவான். அப்புறம் வேற எவனாவது பாலத்து மேல நிப்பான்." மூச்சு வாங்கினான். "நெட்டை அண்ணன் தினம் ஓட்டுற வண்டிதானே அது? கீழ தள்ளினாத்தான் ஓடும்னு அவருக்குத் தெரியாமயா இருக்கும்? ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லலன்னு கேளு. போய்க் கேளு."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. கண் போகப் போகிற நேரத்தில் ஊருக்கு நியாயம் பேசுகிறானே என்று. ஆனால் படியிறங்கும்போது அந்தக் கேள்வி என்னோடு இறங்கி வந்தது. கீழே ஒயர் அண்ணன் அதே இடத்தில் இருந்தார்.

"வாங்க என்கூட" என்றேன். எங்கே என்று கேட்காமல் வந்தார்.

பொழுது சாய்கிற நேரம், பகல் வண்டிக்காரர்கள் இறங்கி இரவு வண்டிக்காரர்கள் ஏறுவார்கள். கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். நெட்டையும் விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தார். ஷெட் ஆள் ஒருவரை என்னோடு பார்த்ததும் பேச்சு நின்றது.

"சொல்லுங்க" என்றேன் ஒயர் அண்ணனிடம்.

அவர் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் தொப்பி போட்ட டிரைவர் ஒருவர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கண்ணாடித் தம்ளர் ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"விடு அவர" என்றார் நெட்டை. பெஞ்சிலிருந்து எழுந்தபோது அந்த உயரமான ஆள் சின்னதாகத் தெரிந்தார். "அவர அடிச்சா என்னையும் அடிக்கணும். அந்த வண்டியில கீழ தள்ளினாத்தான் ஓடும்னு எனக்கு மொத நாளே தெரியும். சொன்னா, நோண்டிக் கெடுத்தவன் நீதான்னு ஜன்னல்ல கேப்பான். எதுக்கு வம்புன்னு வாய மூடிக்கிட்டேன். என் வண்டிய வேற ஒருத்தன் எடுப்பான்னு எனக்குத் தோணவே இல்ல." என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "காய்ச்சல்காரப் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தேம்மா நான்."

தொப்பிக்காரரின் பிடி தளர்ந்தது. பிறகு அவரே, "என் வண்டியில சுவிட்ச் நிக்காது. தீக்குச்சி சொருகி வச்சிருக்கேன்" என்றார்.

"தீக்குச்சியா?"

"மேல தள்ளினா தானா கீழ விழும். அதான் குச்சி."

யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒருவர் சிக்னல் வந்தாலே என்ஜினை அணைத்துவிடுவாராம். இன்னொருவர் ஏற்றம் இருக்கிற தெருவுக்கே சவாரி எடுக்க மாட்டாராம். தடித்த ஆள் ஒருவர் வண்டிக்குள் இருக்கிற ஹீட்டரைப் போட்டுக்கொள்வாராம், என்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும் என்று. "வெயில் காலத்துல ஹீட்டர். ஏறுறவன் எல்லாம் என்னப் பைத்தியக்காரன்னு திட்டிட்டு இறங்குறான்" என்றார். ஒவ்வொருவரும் தன் வண்டி மட்டும்தான் கெட்டது என்று நினைத்து, தன் தந்திரத்தைப் பக்கத்து ஆளுக்குக்கூடச் சொல்லாமல் மடியில் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். அவர்களோடு நானும் சிரித்துவிட்டேன். என் தம்பி வெந்து கிடக்கிறான், இவர்கள் இப்போதுதான் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

"உங்களுக்கு முள்ளு எப்ப ஏறுது?" என்று கேட்டார் ஒயர் அண்ணன், ஹீட்டர்காரரிடம். தொப்பிக்காரர் பிடித்ததில் கிழிந்த அவர் காலர் தொங்கிக்கொண்டிருந்தது. "நிக்கும்போது மட்டுமா, ஓடும்போதுமா?"

"ஓடும்போதும்தான்."

"அப்ப அது ஃபேன் இல்ல. ரேடியேட்டர் உள்ள துரு அடைச்சிருக்கும். அத ஓட்டாதீங்க, நடுரோட்டுல என்ஜின் இறுகிடும்."

"இத்தன நாளா ஏன்யா சொல்லல?"

"எனக்கு 'வண்டி ஹீட் ஆவுதாம்'னு மட்டும்தான் வந்துச்சு."

ஹீட்டர்காரர் அவரையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஷெட்டுக்குள் போனார்கள். சூப்பர்வைசர் ஜன்னலைத் திறந்து ஏதோ கத்தினார். மேஸ்திரி முதல் தடவையாக அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எந்த வண்டி யாருது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். டிரைவர் சொல்ல, ஷெட்காரர்கள் தொட்டுப் பார்க்க, வண்டி வண்டியாகப் போனார்கள். சில வண்டிகளில் மேலே தள்ளினால் ஓடியது, சிலவற்றில் கீழே. ஒன்றில் எங்கே தள்ளினாலும் ஓடவில்லை. அதைத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தவர் முகம் வெளிறிப்போனது.

என்ன செய்வது என்று பேச்சு எழுந்தபோது இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் எனக்கும் இருந்தது, என் பயத்துக்கு ஒரு கண் விலை. ஆனால் மற்றவர்கள் இருந்தார்கள். தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளாளுக்குக் கையில் இருந்ததைத் தொப்பிக்காரரின் தொப்பியில் போட்டார்கள். சென்சார் கெடாத வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நெட்டை தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

மறுநாள் நான் வண்டி கழுவவில்லை. கை சும்மா இருப்பது எனக்கே விசித்திரமாக இருந்தது. வெளிச்சம் வந்தபோது எல்லா வண்டிகளும் வாசல் வரைக்கும் வரிசையாக நின்றன, எல்லாவற்றின் பானெட்டும் தூக்கியிருந்தது. டிரைவர்களும் ஷெட்காரர்களும் கலந்து நின்றார்கள். யார் எந்தப் பக்கம் என்று துணியில் இருந்த கறையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலாளி காரை விட்டு இறங்கி, வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா இதெல்லாம்? உங்கிட்ட ஒரு விஷயம் கேட்டிருந்தேனே. தப்பு யாரோடது?"

"சொல்றேங்க" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "தலைகீழா மாட்டினது இவரு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நெட்டை அண்ணன். மூடியத் திறந்தது என் தம்பி. துருப்பிடிக்கிற குழாய்த் தண்ணிய ஊத்தி வச்சது நான். எல்லாம் எங்க தப்பாவே இருக்கட்டும். தப்புப் பண்ணின எல்லாரும் சேர்ந்து, இனி அந்தத் தப்ப பண்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். சென்சார் போடாத எந்த வண்டியும் வெளிய போகாது. தம்பி வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பு. ஒருத்தரையும் வேலைய விட்டு எடுக்கக் கூடாது."

"உன் தம்பி கண்ணு விஷயம்னு சொன்னேன்."

"அவன்தாங்க இதை ஆரம்பிச்சு வச்சான்."

அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. வரிசையை மறுபடி பார்த்தார். அவருக்குக் கணக்கு உடனே பிடிபடும். "ஒரு வண்டி குறையுது. எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு" என்றார் மேஸ்திரி.

"யாரு அனுப்பினது? எந்தக் கஸ்டமர் ட்ரிப்பு?"

"எங்களோட ட்ரிப்பு."

"திருட்டுக் கேஸ் போடுவேன். வேற டிரைவர்கள ஒரு மணி நேரத்துல இறக்குவேன். ஒவ்வொருத்தனும் தெருவுல நிப்பீங்க."

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நெட்டையிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. தம்பியின் கண் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இதை ஒருவரிடம் சொல்லி எழுத வைத்துக்கொண்டிருக்கிற இந்த நேரம் வரை தெரியாது.

முதலாளி முதல் வண்டியிடம் போனார். பானெட்டைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பியைத் தட்டிவிட்டு பானெட்டை ஓங்கி அடித்து மூடினார். அந்தச் சத்தத்தில் எதிரே டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். இரண்டாவது வண்டியையும் மூடினார், மூன்றாவதுக்கு நகர்ந்தார். அவர் கையெல்லாம் கருப்பு மசி.

நான் போய் முதல் வண்டியின் பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தேன். இரண்டாவதை ஒயர் அண்ணன் தூக்கினார். மூன்றாவது வண்டியின் பக்கத்தில் தொப்பிக்காரர், முதலாளி மூடி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.